வரி முடிகிற இடம்

தெரு முழுக்கத் தறி நின்றுபோனால் யாரோ காலமாகிவிட்டார்கள் என்று அர்த்தம். குமாரபாளையத்தில் அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரண்டு போய் நிற்பது வேறு. அப்போது ஆளாளுக்கு வெளியே வந்து காற்று வாங்குவார்கள். கரண்டு இருக்கும்போதே ஒவ்வொரு கூடமாகத் தறி அடங்கினால் அது கேதம்தான். உடலை எடுக்கும்வரை ஒருவரும் சுவிட்சில் கை வைக்க மாட்டார்கள்.

காளியண்ணன் இதெல்லாம் தெரியாத மனிதர் இல்லை. அவருடைய அப்பாவுக்கும் தெரு அப்படித்தான் நின்றது. இருந்தும் ஒரு புதன்கிழமை காலையில் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். "பத்து மணிக்குத் தறியக் கொஞ்ச நேரம் நிறுத்தோணுமுங்க. என்ற புள்ள பாட்டு ரெக்கார்டு பண்ணுதுங்க" என்று கும்பிட்டுக் கேட்டார். கூலிக்கு ஓட்டுகிறவர்கள்கூட மறுக்கவில்லை. ஆளைப் பார்த்தால் மறுக்கத் தோன்றாது. மகள் பேச்சை எடுத்தாலே அந்த மனிதருக்கு முகம் மலர்ந்துவிடும். கேட்ட தெருவுக்கு விஷயம் தெரியும், கேட்காத பக்கத்துத் தெருக்களுக்கு யார் சொல்வது என்பது மட்டும் அவருக்கு உறைக்கவே இல்லை.

மகள் நர்மதா மாடி அறையில் ஜன்னலுக்கெல்லாம் ஜமுக்காளம் தொங்கவிட்டு, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஊருக்கு வந்து மூன்று வாரமாக ஒரு பாட்டும் பதிவாகவில்லை. பழியை அவள் தறிகள்மேல்தான் போட்டிருந்தாள். அப்பா கேட்டபோது, "இந்தச் சத்தத்துல எப்படிப்பா பாடறது?" என்று எரிந்து விழுந்தாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மனிதர் தெருவையே நிறுத்தக் கிளம்பினார். உண்மையில் தறியின்மேல் ஒரு குற்றமும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதை அப்பாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

குற்றம் எங்கே என்றால், அவளுக்குத் தன் குரல் எது என்று தெரியவில்லை. கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும்போதே கௌதமனும் அவளும் சேர்ந்து பாட ஆரம்பித்தவர்கள். 'ஈரக்காற்று' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். சொந்தப் பாட்டு, சொந்த மெட்டு, இரண்டு கிட்டார், இரண்டு குரல். சென்னை, பெங்களூரு, கொச்சி என்று சின்னச் சின்ன அரங்குகளில் பாடி, நல்ல பெயரும் வாங்கியிருந்தார்கள். பாட்டுகளில் நிழலின் ஈரம், கனவின் ஓரம், பனியின் மௌனம் எல்லாம் தாராளமாக இருக்கும். கௌதமனின் குரல் கீழே நடக்கும். நர்மதாவின் குரல் அதற்கு மேலே, மெல்லிசாக, மூச்சும் பாட்டும் கலந்து மிதக்கும். கண்ணை மூடிக்கொண்டு, மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்து அவள் முனகுவதைக் கேட்கவே ஒரு கூட்டம் வரும்.

போன வருடம் கௌதமனுக்கு ஒரு சினிமா இசையமைப்பாளரிடம் உதவியாளராகச் சேர இடம் கிடைத்தது. சண்டை இல்லை, கண்ணீர் இல்லை. "நீ தனியாப் பண்ணு, நர்மதா. நீ பண்ணணும்" என்று அவனே சொன்னான். நல்ல பிள்ளை. ஆனால் அவன் போன பிறகு அவள் பாடிப் பார்த்த ஒவ்வொன்றிலும் அவன் இருக்க வேண்டிய இடம் காலியாகத் தெரிந்தது. பதிவு செய்து கேட்டால், 'ஈரக்காற்று' பாட்டில் கீழ்க்குரலை மட்டும் யாரோ கத்தரித்துவிட்டாற்போல் இருந்தது. மிச்சம் இருப்பது நான்தானா, இல்லை வெறும் மிச்சம்தானா என்று அவள் பயந்தாள். அந்தப் பயத்தோடுதான் ஊருக்கு வந்திருந்தாள்.

இந்த நேரம் பார்த்து, சேலத்தில் மாதம் ஒரு இசை மாலை நடத்துகிற ஜீவானந்தம் அழைத்தார். அவளுடைய முதல் தனி நிகழ்ச்சியைத் தானே நடத்துவதாகச் சொன்னார். அறிவிப்போடு வெளியிட முன்கூட்டியே ஒரு புதுப் பாட்டு வேண்டும். "உங்க வீட்டுத் தறிச் சத்தத்தையே பின்னாடி ஓட விட்டுடுங்க. அதானே உங்க அடையாளம்? ஜனங்க அப்படியே உருகிடுவாங்க" என்று யோசனையும் கொடுத்தார். நர்மதாவுக்குச் சுள்ளென்று வந்தது. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து காதைப் பிளக்கிற சத்தம் அது. அதைப் பாட்டுக்குப் பொட்டு வைக்கிற மாதிரி ஒட்டிவிட்டு, இதுதான் நான் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பத்து மணிக்கு மிச்சமிருந்த தறிகளும் நின்றன. முதலில் எதிர்வீடு, பிறகு மூலைவீடு, கடைசியாக அவர்கள் வீட்டுக் கூடம். அந்தத் தெருவில் காக்கை கரைவது கேட்டது. எங்கோ குக்கர் விசில் அடித்தது. நர்மதா பதிவுப் பொத்தானை அழுத்தி, கண்ணை மூடி, வழக்கமான மெல்லிய குரலில் ஆரம்பித்தாள். இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டாள். அவ்வளவு நிசப்தத்தில் தன் குரலைக் கேட்க அவளுக்கே சகிக்கவில்லை. யாருக்கோ பின்பாட்டுப் பாட வந்தவள், பாடகர் வராததால் தனியாக மாட்டிக்கொண்டது போலத்தான் இருந்தது. தறிமேல் போட்ட பழியும் கையைவிட்டுப் போயிற்று.

அப்போதுதான் தெருமுனையில் அந்த அலறல் கேட்டது.

"அய்யோ, என்னப் பெத்தவளே! இத்தன நாள் இழுத்துட்டு கெடந்து இன்னைக்குப் போயிட்டியா!"

சங்ககிரியிலிருந்து அவளுடைய பெரியம்மா குஞ்சம்மாள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். பின்னாலேயே பெரியப்பாவின் லாரி புக்கிங் ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர், கையில் ரோஜா மாலைகளுடன். அதற்கும் பின்னால் பக்கத்துத் தெரு ஜனம் கும்பலாக வந்துகொண்டிருந்தது; ஆண்கள் தோளில் துண்டு, பெண்கள் முகத்தில் தயாராக வைத்திருந்த துக்கம். காளியண்ணன் காலையில் சொல்லிக்கொண்டு போனபோதே பாதித் தெரு, தறிகளை ஒன்றிரண்டாக நிறுத்தத் தொடங்கியிருக்கிறது. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் அதைக் கேட்டு, போனது கடைசி வீட்டு ராமாயிதான் என்று தானே முடிவு கட்டி, சங்ககிரிக்குப் போன் போட்டுவிட்டார். குஞ்சம்மாளையும் நர்மதாவின் அம்மாவையும் பெற்றவள் ராமாயி; தொண்ணூறைத் தொடப்போகிறவள். ஒரு வருடமாக ஊரே அவளை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

குஞ்சம்மாள் கடைசி வீட்டு வாசலில் போய் விழப்போன நேரம், உள்ளேயிருந்து ராமாயி கோலை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தாள். நெற்றியில் திருநீறு, முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். கிளம்பத் தயாராக இருந்தாள்; அந்த வீட்டில் இப்போது தறி ஓடாததால் காளியண்ணன் அவளிடம் மட்டும் சொல்லியிருக்கவில்லை.

"ஆரு போனது?" என்றாள் ராமாயி. "தறியெல்லாம் நின்னுருச்சே, நானும் ஒரு எட்டுப் பாத்துட்டு வரலாம்னு பொறப்பட்டேன்."

குஞ்சம்மாளுக்கு அழுகை பாதியில் நின்றது. மாலை வைத்திருந்தவன் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். மறைத்தது ராமாயியின் கண்ணில் பட்டுவிட்டது. ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிற்று. தெருவே என்ன நடக்குமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவளோ பொக்கை வாயைத் திறந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"எனக்குன்னுதானடா வாங்கியாந்த? கொண்டா இங்க. அப்பறமாப் போட்டா நான் பாக்கவா போறேன்?" என்று மாலையைப் பிடுங்கித் தானே கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் காளியண்ணன் ஓடி வந்து எல்லோர் காலிலும் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டார். குஞ்சம்மாள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டாள். "ஏனுங்க மாப்ள, பாட்டுப் பாடறதுக்குத் தெருவையே கேதத்துக்கு நிறுத்துவீங்களா? அடுப்புல சோத்த அப்படியே உட்டுட்டு ஓடியாறேன். எனக்கு நெஞ்சு நின்னுருந்தா இன்னொரு எழவு உழுந்திருக்கும்!" என்றாள். ஆனாலும் ராமாயி மாலையோடு நிற்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு மொத்தத் தெருவும் சிரித்தது.

"செரி, வந்தது வந்துட்டாங்க" என்றாள் ராமாயி. "அந்தப் புள்ளயக் கூப்புடுங்க. என்ற கேதத்துக்குப் பாட ஆளு வந்துருக்குதுன்னா நான் கேக்கோணுமல்லோ?"

இப்படியாகத்தான் பெரிய நகரங்களில் டிக்கெட் போட்டுப் பாடிய நர்மதா, தன் சொந்தத் தெருவில் முதல்முதலாகப் பாட உட்கார்ந்தாள். கடைசி வீட்டு வாசல்தான் மேடை. எதிரே தரையில் துக்கத்துக்கு வந்த ஜனம். முன்வரிசையில் அம்மா தெய்வநாயகி, தலையில் பஞ்சுத் தூசியோடு, தறிக்கூடத்திலிருந்து அப்படியே எழுந்து வந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அவளுக்கே உரிய புன்னகை. நர்மதாவுக்குப் பரிச்சயமான புன்னகை அது. ஒவ்வொரு பாட்டின் வீடியோவையும் போனில் போட்டுக் காட்டும்போது அம்மா அப்படித்தான் சிரிப்பாள். முடிந்ததும், "நல்லா இருக்குது சாமி" என்பாள்.

நர்மதா 'ஈரக்காற்று' பாட்டுகளில் பெயர்பெற்ற ஒன்றைப் பாடினாள். மெல்லிசாக, மேலே, கண்ணை மூடி. நடுவில் ஒரு தடவை கண் திறந்து பார்த்தபோது கூட்டம் மரியாதையாக அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஒரே மாதிரியான முகங்கள். ஒரே மாதிரியான இதமான சிரிப்பு, மெல்லத் தலையாட்டல். ஆண், பெண், கிழவர், நடுவயதுக்காரர் எல்லோரும் அப்படியே. அத்தனை முகங்களிலும் அம்மாவின் முகம் இருப்பதைக் கண்டு அவள் குரல் தடுமாறியது.

பாட்டு முடிந்ததும் ராமாயிதான் உடைத்துச் சொன்னாள். அவளுக்கு யாரிடமும் ஒளிக்க ஒன்றும் இல்லை. "புள்ள வாயசைக்கறது தெரியுது. காதுல ஒண்ணும் உழுவல. நம்மூட்டுக் காதெல்லாம் தறிக்குக் குடுத்தாச்சு கண்ணு. ஏ தெய்வநாயகி, உனக்காச்சும் கேட்டுதா?"

தெய்வநாயகி சிரித்தபடியே, "நல்லா இருக்குது சாமி" என்றாள்.

கூட்டம் காப்பி குடித்துவிட்டுக் கலைந்தது. தறிகள் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. தெய்வநாயகி சமையலறைத் தொட்டியில் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நர்மதா வாசற்படியில் நின்று, அம்மாவின் முதுகைப் பார்த்து, அதே பாட்டின் முதல் வரியை அதே குரலில் பாடினாள். அம்மா திரும்பவில்லை. இன்னும் பலமாக, உச்சக் குரலில் பாடினாள். தம்ளர் கழுவும் கை நிற்கவில்லை. கடைசியில் குரலைக் கீழே இறக்கி, சாதாரணமாகப் பேசுகிற குரலில், "அம்மா" என்றாள்.

"என்ன சாமி?" என்று உடனே திரும்பினாள் தெய்வநாயகி.

மகளின் கண்ணைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் பொய் பேசத் தெரியாத ஒரே ஆள் அவள்தான் என்று நர்மதா நம்பியிருந்தாள்.

"அத்தன பாட்டுமா?" என்று கேட்டாள் நர்மதா. "ஒண்ணுகூடக் கேட்டதில்லையாம்மா?"

"உன்னோட பாடற அந்தத் தம்பி பாடறது கொஞ்சம் கேக்கும்" என்றாள் அம்மா குற்றவுணர்வோடு. "தடிச்ச கொரலு காதுக்குள்ள வருது. மெல்லிசா இருக்கறது வாரதில்ல. ஊட்டுல நீ பேசறது கேக்குது, அதான் நீ கண்டுபுடிக்கல."

"ஏன் சொல்லல? டாக்டர்கிட்டப் போயிருக்கலாமல்ல?"

"போனனே. மெசின் குடுத்தாங்க. அத மாட்டிட்டுத் தறிக்குப் போனா மண்டைக்குள்ள நாலு தறி ஓடுது. கழட்டி பீரோவுல வெச்சுட்டேன்." சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "காது போனா என்ன கண்ணு, கூடத்துல நாங்க பேசறதெல்லாம் வாயப் பாத்துத்தான? அந்தக் கோடீல இருக்கறவ என்ன கொழம்பு வெச்சான்னு இந்தக் கோடீலருந்து சொல்லிருவேன். உன்ற பாட்டையும் அப்படிப் பாத்துக்கலாம்னு இருந்தேன். நீயானா அந்த மைக்க வாயோட ஒட்டி வெச்சு மறச்சுக்கற. முடி வேற மொகத்துல உழுகுது. வாயவும் தெறக்கறதில்ல. என்னத்தப் பாக்க? கண்ண மூடிட்டு நீ சந்தோசமா இருக்கறது தெரியும். அதுவே போதும்னு உட்டுட்டேன்."

நர்மதாவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பிறகு அழுகை வந்தது. ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேர் உருகிக் கேட்ட குரல், பெற்றவள் காதுக்கு ஒருநாளும் போய்ச் சேரவில்லை. அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பஞ்சுத் தூசி மூக்கில் ஏறி, அழுகைக்கு நடுவில் நர்மதா தும்மினாள். "எண்ண தேச்சுக் குளிக்கறதே இல்ல" என்று அம்மா அதற்கும் திட்டினாள்.

மறுநாள் நர்மதா கிட்டாரின் தந்திகளைத் தளர்த்தினாள். பேசுகிற குரல் எங்கே நிற்கிறதோ அங்கே பாட்டைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அவ்வளவு கீழே அவள் பாடியதே இல்லை. அது கௌதமனின் இடம். அங்கே அவள் குரல் கொஞ்சம் கரகரத்தது, கொஞ்சம் நிதானமாக நடந்தது, மூச்சுக் கலப்படம் எதுவும் இல்லாமல் வெறும் குரலாக வந்தது. கேட்க அழகாக இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அழகு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். இப்போதைக்கு ஒரு ஆளுக்குக் கேட்டால் போதும்.

தேநீர் நேரத்தில் தறிக்கூடத்துக்குப் போய், ஓடுகிற தறிகளுக்கு நடுவே அம்மாவுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தாள். கிட்டார் சத்தம் அவளுக்கே கேட்காது. விரலுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வரி பாடுவாள். அம்மா அவள் வாயைப் பார்த்து, அந்த வரியைத் தன் உதட்டால் சத்தமில்லாமல் திருப்பிச் சொல்வாள். சரியாக வந்தால் அடுத்த வரி. வராவிட்டால் அம்மா புருவத்தைச் சுருக்குவாள்; நர்மதா அங்கேயே வார்த்தையை மாற்றுவாள். நிழலின் ஈரமும் பனியின் மௌனமும் முதல் நாளே அடிபட்டுப் போயின. "அது என்ன கண்ணு, தொண்டைக்குள்ளயே சுத்துது, ஒதட்டுக்கு வரவே மாட்டேங்குது" என்றாள் அம்மா. உதடு தொடுகிற எழுத்துகள், உதடு குவிகிற எழுத்துகள், வாய் நன்றாகத் திறக்கிற எழுத்துகள், அவைதான் நிலைத்தன. வீட்டில் பேசுகிற பேச்சுதான் வரியாக மிஞ்சியது.

பாட்டு பவானிக்குப் போகிற காவேரிப் பாலத்தைப் பற்றியது. அந்தப் பாலத்தில் அம்மாவும் மகளும் எத்தனையோ தடவை டவுன் பஸ்ஸில் போயிருக்கிறார்கள்.

பாலம் வந்தா பஸ்ஸு மெதுவாப் போவும்
பாதிப் பேரு ஆத்தப் பாப்பாங்க
மீதிப் பேரு போனப் பாப்பாங்க

நான்காவது வரி கிடைக்காமல் நின்றது. என்ன எழுதினாலும் பழைய கனவின் ஓரத்துக்கே போய் நின்றது. இருக்கட்டும் என்று அதை முனகலாக வைத்துக்கொண்டு மற்றதை முடித்தாள்.

மாதாந்திர மின்தடை நாளில், லேப்டாப் பேட்டரியில் பதிவு செய்தாள். இந்தத் தடவை யாரும் சாகவில்லை என்பதில் தெருவுக்குச் சந்தேகம் இல்லை. ராமாயி மட்டும் ஆள் அனுப்பி விசாரித்துக்கொண்டாள். அம்மாவை எதிரே உட்காரவைத்துத்தான் பாட முடிந்தது. தனியாகப் பாடிப் பார்த்தபோது, ஒவ்வொரு வரி முடிவிலும் நிறுத்தம் தப்பாக விழுந்தது. அம்மாவின் உதடு வரியைத் திருப்பிச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து பழகிவிட்டாள். அந்தக் காத்திருப்பு பாட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது.

கௌதமனுக்கு அனுப்பினாள். அவன் மாலையில் அழைத்தான்.

"இது யாரு?" என்றான் எடுத்த எடுப்பில்.

"நல்லா இல்லையா?"

"அதில்லடி. பழக்கதோஷத்துல கிட்டார எடுத்து உக்காந்துட்டேன், எனக்கு ஒரு குரல் போட எடம் இருக்குமான்னு. ஒவ்வொரு வரி முடிவுலயும் இவ்ளோ எடம் விட்டிருக்க. அங்க எதையாவது வைக்கலாம்னு பாத்தா வைக்க முடியல. ஏற்கெனவே அங்க யாரோ இருக்காங்க." ஒரு பெருமூச்சு விட்டுச் சிரித்தான். "நான் உனக்குத் தேவையே இல்ல போல. கொஞ்சம் பொறாமையா இருக்கு, ரொம்ப சந்தோஷமா இருக்கு."

நர்மதா போனை வைத்தாள். மிச்சம் என்று அவள் பயந்த இடத்தில் ஒரு முழு ஆள் இருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. வாசலுக்குப் போய், அப்பாவை எதற்கோ கட்டிப்பிடித்துக்கொண்டாள். "தறி நிறுத்தோணுமா சாமி?" என்று பதறினார் காளியண்ணன்.

சேலத்து அரங்கில் அன்று நல்ல கூட்டம். மதியமே மைக் தகராறு ஆரம்பமாகிவிட்டது. மைக்கை நெஞ்சு உயரத்துக்கு இறக்கி வைக்கச் சொன்னாள் நர்மதா. சவுண்டு ஆள் ஜீவானந்தத்தைப் பார்த்தார். ஜீவானந்தம் தலையைச் சொறிந்தார்.

"இவ்ளோ தள்ளி வெச்சா குரல் மெத்துனு வராதுங்களே. உங்க பழைய பாட்டெல்லாம் காதுக்குள்ள பேசற மாதிரி இருக்கும். ஜனங்க அதுக்குத்தான் வர்றாங்க."

"பரவால்லீங்க. வாய மறைக்கக் கூடாது" என்றாள் அவள்.

"தறிச் சத்தமும் போடலை" என்றார் அவர் வருத்தமாக. அவள் சிரித்துவிட்டு முடியை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

மூன்றாவது வரிசையில் அவள் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். காளியண்ணன் அதே சலவைச் சட்டையில். குஞ்சம்மாள் இந்தத் தடவை தலை பின்னிப் பூ வைத்து. நடுவில் தெய்வநாயகி, தீபாவளிப் புடவையில், கைகளை மடியில் கோத்துக்கொண்டு. ராமாயி வரவில்லை. நான் கிளம்பினால் ஊர் தப்பாக நினைத்துக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

நர்மதா கண்ணை மூடவில்லை. விளக்கு கண்ணைக் கூசினாலும் மூன்றாவது வரிசையைத் தேடிப் பிடித்தாள். தந்தியைத் தொட்டுவிட்டுப் பாடினாள்.

"பாலம் வந்தா பஸ்ஸு மெதுவாப் போவும்."

நிறுத்தினாள். அங்கே, அம்மாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. பாலம் வந்தா பஸ்ஸு மெதுவாப் போவும். கூட்டம் அந்த மௌனத்தைப் பாடகியின் மௌனம் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அடுத்த வரிக்குப் போனாள். பாதிப் பேரு ஆத்தப் பாப்பாங்க. அம்மா சொல்லி முடித்தாள். மீதிப் பேரு போனப் பாப்பாங்க. சொல்லி முடித்தாள்.

நான்காவது வரி முனகல்தான். பதிவிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அத்தனை தலைகளுக்கு நடுவே, ஆற்றையும் பார்க்காமல் போனையும் பார்க்காமல், தன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிற அந்த முகத்தைப் பார்த்ததும் வரி தானாக வந்தது. எழுதி வைத்தது போல வந்தது. யோசிக்காமல் பாடிவிட்டாள்.

"நீ மட்டும் என்னப் பாப்ப."

நிறுத்தினாள். அம்மாவின் உதடு அசையவில்லை.

புது வரி, கூடத்தில் ஒருதடவைகூடப் பாடிக் காட்டாத வரி. விளக்கு முகத்தை மறைத்துவிட்டதோ, வாயைச் சரியாகத் திறக்கவில்லையோ, இத்தனை தூரத்தில் தெரியவில்லையோ என்று தவித்தாள். விரல் தந்தியிலேயே நின்றது. அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து, ஓடுகிற தறிகளைத் தாண்டி அந்தக் கோடிக்குக் கேட்கிற குரலில், தன் சத்தம் எவ்வளவு என்று தனக்கே தெரியாத ஒருத்தி கத்தினாள்:

"கேக்குது சாமி!"

அரங்கமே திரும்பிப் பார்த்தது. காளியண்ணன் வெட்கத்தில் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். தெய்வநாயகி அதைக் கவனிக்கவில்லை. கண்ணீர் கன்னத்தில் வழிய, மகள் வாயையே பார்த்துக்கொண்டு, அடுத்த வரிக்காகக் காத்திருந்தாள். நர்மதா வாயை நன்றாகத் திறந்து, அடுத்த வரியை எடுத்தாள்.